பழந்துணியில் என் பெயர்

ஜப்பானில் நான் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளியில், மதியச் சாப்பாடு முடிந்த சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் ஓர் இசை ஒலிக்கும். துள்ளலான மெட்டு, பாட்டு வரிகள் கிடையாது. அதைக் கேட்டதும் பிள்ளைகள் மேசைகளை வகுப்பின் பின்பக்கமாகத் தள்ளுவார்கள். நாலைந்து பேர் துடைப்பம் எடுப்பார்கள். மற்றவர்கள் சன்னலோரக் கம்பியில் காயும் பழந்துணிகளில் அவரவருடையதை எடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நடைக்கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். அப்புறம் இரண்டு கையாலும் துணியைத் தரையில் அழுத்தி, இடுப்பை உயர்த்தி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே ஓட்டம். வகுப்பறையைப் பெருக்கித் துடைக்க இங்கே தனி ஆள் கிடையாது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து செய்வதுதான். இதற்கு 'சோஜி' என்று பெயர். மொத்தம் 15 நிமிடம்.

நான் வந்த முதல் வாரம் நானும் ஒரு துடைப்பத்தை எடுக்கப் போனேன். வகுப்பாசிரியை ஓடி வந்து இரண்டு கைகளையும் ஆட்டித் தடுத்தார். "சென்செய், நீங்கள் உட்காருங்கள், உட்காருங்கள்." சென்செய் என்றால் ஆசிரியர். மறுநாள் வேறொரு வகுப்பு, அங்கேயும் அதே மறுப்பு. அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் நடைக்கூடத்து ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். உட்காரவைத்து இலை போட்டால் நாம் அழைப்புக்கு வந்தவர். சாம்பார் வாளியைக் கையில் கொடுத்து "அந்தப் பந்தியைப் பார்த்துக்கோ" என்றால் சொந்தக்காரர். ஜப்பானில் வெளிநாட்டு ஆசிரியராக நான் கழித்த நாள்களை நினைக்கும்போதெல்லாம் இதுதான் மனதில் வருகிறது. எனக்கு எப்போது வாளியைக் கொடுத்தார்கள் என்ற கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது மட்சுயே. ஷிமனே மாநிலத்தின் தலைநகரம். ஜப்பான் கடல் பக்கம், ஷின்ஜி ஏரியின் கரையில் இருக்கிறது. தோக்கியோவும் ஒசாகாவும் மட்டுமே ஜப்பான் என்று நினைத்திருந்த எனக்கு, நியமனக் கடிதத்தில் இந்தப் பெயரைப் பார்த்ததும் வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. மக்கள்தொகையில் ஷிமனே ஜப்பானின் 47 மாநிலங்களில் கடைசிக்கு முந்தையது. எட்டு லட்சம் பேர்கூட இல்லை. 1987இல் ஜப்பான் அரசு தொடங்கிய 'ஜெட்' திட்டத்தில் 2022 ஆகஸ்டில் வந்தேன். பதவியின் பெயர் உதவி மொழி ஆசிரியர். ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கு. விருப்பமிருந்து, பள்ளிகளுக்கும் சரி என்று பட்டால் புதுப்பிக்கலாம், அதிகம் போனால் 5 ஆண்டு. எனக்கு இது நான்காவது.

எனக்கு மூன்று பள்ளிகள்: இரண்டு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி. 2020இல் வந்த புதிய பாடத்திட்டப்படி 3, 4ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 மணி நேரம் பிறமொழி அறிமுகம். 5, 6ஆம் வகுப்புகளுக்கு 70 மணி நேரம், அங்கே ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடம். 'மணி நேரம்' என்றாலும் தொடக்கப்பள்ளியில் அது 45 நிமிடம்தான். பாடத்தை நடத்துபவர் வகுப்பாசிரியர், நான் கூட நிற்பவர். ஆனால் வகுப்பாசிரியர்கள் பலர் கணக்கு, இசை, நீச்சல் என எல்லாவற்றையும் ஒருவரே சொல்லித்தருபவர்கள். ஆங்கிலம் என்றால் அவர்களுக்கே கொஞ்சம் நடுக்கம். அதனால் பாதி வகுப்பு என் கையில் வந்துவிடும்.

காலை 8 மணிக்குள் பள்ளிக்குப் போய்விட வேண்டும். வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றி மர அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ளும் 'உவாபாகி' காலணிக்கு மாற வேண்டும். ஆசிரியர் அறையில் மேசைகள் எதிரெதிராக ஒட்டிக் கிடக்கும். எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லி அன்றைய நடப்புகளைப் படிப்பார்கள். காய்ச்சலில் வராத பிள்ளைகள் யார், மழை வந்தால் உடற்பயிற்சி எங்கே, யார் வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்பது வரை. முதல் ஆறு மாதம் அந்தப் பேச்சில் எனக்குப் பத்தில் இரண்டு சொல் புரிந்திருக்கும்.

நான் வந்த சமயம் கொரோனா முகக்கவசம் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் சாப்பிடும்போது மட்டும் அதைக் கழற்றுவார்கள், அப்போதும் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட வேண்டும் என்று விதி. ஆக நான் கண்களை வைத்தே அத்தனை பேரையும் அடையாளம் கண்டு வைத்திருந்தேன். 2023 ஏப்ரலில் கவசம் கட்டாயமில்லை என்றானதும் ஒரு பையன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். எட்டு மாதம் பழகிய பிள்ளை. அவன் கன்னத்தில் குழி விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகள் முறை வைத்துப் பெரிய பாத்திரங்களைத் தூக்கி வந்து எல்லோருக்கும் பரிமாறுவார்கள். சோறோ ரொட்டியோ, ஒரு குழம்பு, ஒரு காய், 200 மில்லி பால். எல்லோருக்கும், ஆசிரியர்களுக்கும், ஒரே சாப்பாடு. தலைமையாசிரியர் பிள்ளைகளுக்கு முன்பே சாப்பிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிவைத்த பிறகுதான் வகுப்புகளுக்குப் பரிமாறலாம். இது எங்கும் உள்ள நடைமுறை. மாதத் தொடக்கத்தில் தரும் பட்டியலில் ஒவ்வொரு நாளும் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கட்டங்களில் இருக்கும். உடம்பை வளர்ப்பது சிவப்பு, தெம்பு தருவது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதால் அந்தத் தாளை வரிவரியாகப் படிப்பேன். என் ஜப்பானிய வாசிப்பு வளர்ந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். சோயா, எள், பூசணி, கேரட், சேப்பங்கிழங்கு என்றெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது.

கறிச்சோறு போடும் நாளில் பள்ளி முழுக்க மணக்கும். இந்தக் கறி இங்கிலாந்து வழியாக மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானுக்கு வந்தது. மாவு சேர்த்துக் கெட்டியாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் இருக்கும். பிள்ளைகள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "உங்கள் ஊர்க் கறி மாதிரி இருக்கிறதா?" எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு குழம்பு, திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு என்று சொல்ல ஆரம்பித்தால் வகுப்பாசிரியரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சரி, பழந்துணிக்கு வருகிறேன். நவம்பர் மாதம், சோஜி இசை ஒலித்தது. நான் வழக்கம்போல் ஓரத்தில் நின்றேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கம்பியில் தொங்கும் துணிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சென்செய்யின் துணி எது?" என்று கேட்டாள். எனக்கு இல்லை என்றேன். "ஏன்?" வகுப்பாசிரியை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது என் மேசை மேல் ஒரு துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய துண்டை நான்காக மடித்து ஓரத்தையும் குறுக்கேயும் தைத்திருந்தார்கள். மூலையில் கறுப்பு மையில், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்துகளில் என் பெயர். தமிழ்ப் பெயர் ஜப்பானிய எழுத்தில் நீண்டுபோய்விடும், துணியின் ஒரு பக்கம் முழுக்க ஓடியிருந்தது.

அன்று முழங்கால் நோக நோக நானும் துடைத்தேன். அந்தச் சிறுமி நான் துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்து "பிக்கா பிக்கா!" என்றாள். பளபளவென்று இருக்கிறது என்று பொருள். நம் இரட்டைக்கிளவி மாதிரிச் சொற்கள் ஜப்பானிய மொழியில் ஏராளம். நெஞ்சு படபடத்தால் 'தொக்கி தொக்கி', கை பிசுபிசுத்தால் 'பெத்தா பெத்தா', தலை கிறுகிறுவென்று சுற்றினால் 'குரு குரு', இடி கடகடத்தால் 'கொரோ கொரோ'. ஆங்கிலம் வழியாக இந்த மொழியைக் கற்றுக்கொள்பவர்கள் இந்த இடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது பிறந்த வீட்டுச் சங்கதி. "உங்கள் மொழியில் பிக்கா பிக்காவுக்கு என்ன?" என்று கேட்டார்கள். பளபள என்றேன். அவர்கள் வாயில் அது 'பரபர' ஆனது. சொல்லிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு 'பரபர' என்பது சொட்டுச் சொட்டாக விழும் தூறல். நமக்குப் பரபர என்றால் என்ன என்பதை நான் அங்குமிங்கும் ஓடிக் காட்டினேன். அன்றைய சோஜி 15 நிமிடத்தில் முடியவில்லை.

மாலை 4:15க்கு என் வேலை நேரம் முடியும். கிளம்பும்போது "ஒசாகி நி ஷிட்சுரெய் ஷிமாஸ்" என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள் என்று அர்த்தம். இன்றுவரை அந்த வாக்கியம் எனக்கு வெறும் மரியாதைச் சொல்லாக வந்ததில்லை. 2018இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் ஜப்பானிய நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 56 மணி, பங்கேற்ற நாடுகளிலேயே அதிகம். நான் கிளம்பும்போது பாதிப் பேருக்கு அன்றைய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. விடைத்தாள், பெற்றோரோடு தொலைபேசி, மறுநாள் அறிவிப்புகள். நடுநிலைப்பள்ளியில் டென்னிஸ், கேந்தோ வாள்சண்டை, ஊதுகுழல் இசைக்குழு என்று மாணவர் மன்றங்கள் வேறு, சனிக்கிழமைகளிலும். வார இறுதி மன்றப் பயிற்சியை ஊர் அமைப்புகளிடம் கொடுக்கும் மாற்றத்தை அரசு 2023இல் தொடங்கியிருக்கிறது. அது சீக்கிரம் எங்கள் பக்கமும் முழுதாக வந்து சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். எதிர் மேசை ஆசிரியரின் இரண்டு வயதுக் குழந்தை இரவு அவர் வீடு திரும்பும் முன்பே தூங்கிவிடுகிறதாம்.

எனக்குச் சனி, ஞாயிறு முழுதாகக் கிடைக்கிறது. இந்த வேலையின் பெரிய கொடை அதுதான். ஆனால் வார இறுதியில் சென்செய் என்ற பெயர் வீட்டிலேயே நின்றுவிடும் என்று நினைத்திருந்தால் தப்பு. சனிக்கிழமை மாலை பல்பொருள் அங்காடியில் மீன் பகுதிக்கு அரை விலை ஒட்டுத்தாள் ஒட்டும் நேரம் பார்த்து நான் போவேன். எங்கிருந்தோ "சென்செய்!" என்று குரல் வரும். ஒரு பிள்ளை என் கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். திங்கள்கிழமை வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கும், சென்செய் மூன்று கட்டு கொத்தமல்லி வாங்கினார் என்று.

சனிக்கிழமைகளில் துணி துவைப்பதும் காயவைப்பதும் ஒரு பெரிய வேலை. இந்தப் பகுதியில் 'சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று சொல்வார்கள். அக்டோபர் முடிந்தால் வானம் சாம்பல் பூசிக்கொள்ளும். ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி, பிறகு மறுபடி வெயில். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த எனக்கு முதல் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. பழைய மர வீடு, சன்னல் இடுக்கெல்லாம் காற்று. மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, போர்வை போட்டு மூடி அடியில் சூடேற்றும் 'கோதாட்சு' மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு, அம்மாவிடம் பேசிவிட்டு அழுத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

அப்படியொரு சனிக்கிழமையில்தான் கோட்டைக்கு வடக்கே அகழியை ஒட்டிப் போகும் ஷியோமி நவாத்தே தெருவுக்குப் போனேன். 1611இல் கட்டி முடித்த மட்சுயே கோட்டை, ஜப்பானில் அசல் கட்டடமாகவே தப்பிப் பிழைத்த 12 கோட்டைகளில் ஒன்று. 2015இல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். ஆனால் நான் போனது கோட்டைக்காக இல்லை. அந்தத் தெருவில் லாஃப்காடியோ ஹெர்ன் குடியிருந்த வீடு இருக்கிறது. கிரேக்கத் தீவில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர். 1890 ஆகஸ்டில், நான் வந்த அதே மாதத்தில், இந்த ஊருக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். ஊர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் 'ஹெருன்' ஆனது. செட்சு என்ற இவ்வூர்ப் பெண்ணை மணந்தார், 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று கொய்சுமி யாகுமோ ஆனார்.

அந்த வீடு சிறியது. மூன்று பக்கமும் தோட்டம் தெரியும்படி உட்காரலாம். உள்ளே அவர் மேசையின் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், வழக்கத்தைவிட மிக உயரமானது. பதினாறு வயதில் ஒரு கண் பார்வை போய், மற்றக் கண்ணும் மங்கல் என்பதால் தாள் முகத்துக்கு அருகில் வர வேண்டும். மட்சுயேயில் அவர் இருந்தது ஓர் ஆண்டும் சில மாதமும்தான். 1891 நவம்பரில், இரண்டாவது குளிர்காலம் இறங்கும் முன், தெற்கே குமமோத்தோவுக்கு மாறிப்போனார். இங்கத்திய குளிர் தாங்காததும் ஒரு காரணம். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் சட்டென்று ஒரு ஒட்டுதல் வந்தது. இன்றைக்கும் இந்த ஊர் அவரை 'ஹெருன்சான்' என்றே சொல்கிறது. போய் 130 ஆண்டுக்கு மேலான ஓர் ஆசிரியரை, பக்கத்துத் தெருக்காரரைச் சொல்வதுபோல.

ஞாயிறு நன்றாக விடிந்தால் சைக்கிளோடு இச்சிபாத்தா ரயிலில் ஏறிவிடுவேன். 1914இல் ஓடத் தொடங்கிய சின்ன ரயில், இரண்டே பெட்டி. சைக்கிளை அப்படியே உள்ளே ஏற்றலாம். ஷின்ஜி ஏரியின் வடகரையை ஒட்டிப் போகும். ஏரியில் ஒரே ஆள் நிற்கும் படகுகள் தெரியும். நீண்ட கழி முனையில் இரும்புக் கூடை மாட்டிய வாரியால் அடிமணலை அரித்து 'ஷிஜிமி' மட்டி எடுப்பார்கள். கடல்நீரும் நன்னீரும் கலக்கும் ஏரி என்பதால் இங்கே அது நன்றாக விளைகிறது. ஏரி தீர்ந்துபோகக் கூடாது என்று எடுக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் மீனவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். காலைச் சூப்பில் அந்தக் கறுப்பு மட்டி கிடக்கும், நகக்கண் அளவு. இச்சிபாத்தாகுச்சி நிலையத்தில் ரயில் நின்று, ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோய், வந்த திசையிலேயே திரும்பக் கிளம்பும். முதல் முறை நான் தப்பான ரயிலில் ஏறிவிட்டேனோ என்று பதறினேன். பாதை அப்படித்தான்.

கடைசி நிலையம் இசுமோ பெருங்கோயில். பெரும்பாலான கோயில்களில் இரண்டு முறை கை தட்டி வணங்குவார்கள், இங்கே நான்கு முறை. பழைய நாள்காட்டியின் பத்தாம் மாதத்துக்கு ஜப்பான் முழுவதும் 'தெய்வங்கள் இல்லாத மாதம்' என்று பெயர், இசுமோவில் மட்டும் 'தெய்வங்கள் இருக்கும் மாதம்'. நாட்டின் எல்லாத் தெய்வங்களும் அப்போது இங்கே கூடுவதாக நம்பிக்கை.

எங்கே போனாலும் ஒரு பெட்டி இனிப்போடுதான் திரும்ப வேண்டும். 'ஒமியாகே'. திங்கள் காலை ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாகச் சுற்றிய ஒரு துண்டை வைப்பது வழக்கம். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு முறை, அம்மா செய்து கொடுத்த எள்ளுருண்டையை ஞாயிறு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெண்தாளில் சுற்றினேன், 34 உருண்டை. எள்ளை நன்றாக அறிந்த நாடு. மறுநாள் துணைத் தலைமையாசிரியர், அதிகம் பேசாத மனிதர், என் மேசைக்கு வந்து நின்றார். சின்ன வயதில் தன் பாட்டி எள் வறுக்கும் வாசனை நினைவுக்கு வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வாளி வந்தது தெருவிலிருந்து. ஆண்டுக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருக்காரர்கள் கூடிச் சாக்கடை வாய்க்காலைத் தூர்வாருவார்கள். முதல் முறை "சென்செய் வர வேண்டாம்" என்றே சொன்னார்கள். ஆனால் எனக்குப் பழந்துணி கிடைத்த பிறகு ஒரு துணிச்சல் வந்திருந்தது. ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு காலை 8 மணிக்குப் போய் நின்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பது வயதைத் தாண்டியவர், கொட்டகைக்குள் போய் இறந்துபோன தன் கணவரின் மண்வெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பிடி நம் மண்வெட்டியைவிட நீளம், ஆனால் இழுக்கும் முறை அதேதான். தாத்தாவோடு வயலுக்குப் போன கை. கான்கிரீட் மூடிகளை இரண்டு பேர் நெம்பித் தூக்க, நான் சேற்றை இழுத்துச் சாக்கில் போட்டேன். பாதியில் யாரோ எனக்கும் ஒரு பாட்டில் தேநீர் நீட்டினார்கள். முடிந்ததும் பாட்டி "டன்டன்" என்றார். இசுமோ வட்டாரப் பேச்சில் நன்றி. பள்ளியில் சொல்லும் நாகரிகமான நன்றியை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். வீட்டுப் பேச்சில் எனக்குக் கிடைத்த முதல் நன்றி அது.

அதன் பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் உட்காரத் தொடங்கினேன். மட்சுயேயில் மட்ச்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் பெரிய சடங்கெல்லாம் இல்லாமல் வீட்டிலேயே கலக்கிக் குடிக்கும் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு தேநீரில் தோய்ந்தவர், அவர் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். கூடவே 'வகாகுசா' என்று ஓர் இனிப்பு. ஒட்டும் அரிசி மாவு அல்வா மாதிரி நெகிழ்ந்து, மேலே பச்சைப் பொடி தூவியிருக்கும்.

2023 ஜனவரி 15, ஞாயிறு. தைப்பொங்கல். வீட்டில் நான் மட்டும்தான். இங்கத்துக் குட்டை அரிசி பொங்கலுக்கென்றே விளைந்ததுபோலக் குழையும். வெல்லத்துக்குப் பதில் ஒகினாவாக் கருஞ்சர்க்கரை. மின்குக்கரில் பொங்கி வழியாது என்பதால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கும் நேரம் கதவு தட்டப்பட்டது. பாட்டி, கையில் மூடி போட்ட கிண்ணம். உள்ளே சிவப்புக் காராமணி மாதிரியான அசுக்கி பயறு போட்டு வேகவைத்த அரிசிக் கஞ்சி. இன்று 'கோஷோகட்சு', சின்னப் புத்தாண்டு, ஜனவரி 15 அன்று இதைச் சாப்பிட்டால் நோய் அண்டாது என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அடுப்பைக் காட்டினேன். எங்கள் ஊரிலும் இன்றுதான், அரிசியும் பயறும், என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாத்திரத்தைப் பார்த்தார், நுரை வழிவது வரை நின்று பார்த்தார்.

சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய மொழி அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதாடியவர். இந்த இரண்டு விழாக்களின் ஒற்றுமையையும் அவர் சுட்டியிருக்கிறார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை, நானும் அதைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. வினை கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் எனக்குப் படிக்க எளிதாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று காலை அந்தச் சின்னச் சமையலறையில் இரண்டு கிண்ணங்களை மாற்றிக்கொண்டோம். அவர் சர்க்கரைப் பொங்கலை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது ஒவ்வொரு ஜனவரி 15உம் அப்படித்தான்.

ஜப்பானில் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. அதற்கு முன் மார்ச் மாதம் ஆசிரியர் மாறுதல் பட்டியல் உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும், பக்கம் பக்கமாகப் பெயர்கள். எனக்குத் துணி தைத்துக் கொடுத்த வகுப்பாசிரியை என் இரண்டாவது மார்ச்சில் மலைப்பக்கப் பள்ளி ஒன்றுக்கு மாறிப்போனார். விடைபெறும் விழாவில் பிள்ளைகள் அழுதார்கள், நானும். "துணி எது?" என்று கேட்ட சிறுமி இப்போது பெரிய வகுப்பு. அந்தத் துணி நைந்து ஓரம் பிரிந்துவிட்டது. போன ஆண்டு நானே ஒட்டுப் போட்டுத் தைத்தேன். கம்பியில் அதே இடத்தில்தான் காய்கிறது.

இன்று ஞாயிறு. காலையில் 'கைரன்பான்' வந்தது. தெரு அறிவிப்புகளைப் பலகையில் செருகி வீடு வீடாகக் கொடுத்தனுப்பும் வழக்கம், படித்துவிட்டு நம் பெயருக்கு நேரே முத்திரை குத்தி அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். முதல் ஆண்டு என் பெயர் பட்டியலின் அடியில் பென்சிலில் எழுதியிருந்தது. இப்போது பாட்டி வீட்டுக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவில், வீட்டு வரிசைப்படி, அச்சில் இருக்கிறது. அடுத்த வாரம் வாய்க்கால் தூர்வாரும் நாள். வருகிறேன் என்று வட்டம் போட்டு முத்திரை குத்திவிட்டேன். முடிதிருத்தகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெளியே பரபரவென்று தூற ஆரம்பித்திருக்கிறது. குடையை எடுத்துக்கொள்கிறேன்.